குப்புவின் உயரம்

பவளமல்லிக் குடியிருப்பில் குப்பை பிரிக்கும் அஞ்சுகத்துக்கு நடந்த அநியாயம் இதுதான். யாரோ கடையில் வாங்கி, யாரோ கன்னம் வீங்க ஊதி, யாரோ இரண்டு மணி நேரம் சுவரில் ஒட்டி அழகு பார்த்து, கேக் வெட்டி முடித்ததும் யாரோ எச்சில் தட்டுகளோடு சேர்த்துக் கட்டி எறிந்த ஒரு சிவப்பு பலூன், அவளுடைய இரண்டு வயது மகள் குப்புவின் வாயில் வெடித்து, அதன் துண்டு தொண்டையில் அடைத்து, மூன்று தெரு தாண்டியிருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் குழந்தை நீலம் பாரித்துப்போனாள். அது யார் வீட்டு பலூன் என்று அஞ்சுகம் கேட்டதற்கு, நான்கு பிளாக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்தும் ஒரு வீடுகூட வாய் திறக்கவில்லை.

குப்பு என்பது கொஞ்சலுக்கு வைத்த பெயர் இல்லை. அஞ்சுகத்துக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது, இன்னொன்று பதினோரு நாள் இருந்து போனது. அப்படித் தங்காத வயிற்றில் பிறக்கும் பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பம்மாள் என்று பெயரிட்டுவிட்டால், எமன் வந்து எட்டிப் பார்த்து, இது யாரோ வேண்டாமென்று எறிந்தது, நமக்கெதற்கு என்று திரும்பிவிடுவான் என்பது அவளுடைய சனங்களின் நம்பிக்கை. எந்தக் குப்பையில் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. குடியிருப்பின் பின்மதிலை ஒட்டி அவர்கள் வேலை செய்கிற தகரக் கொட்டகையில்தான் மலைபோல் இருக்கிறதே. கூட வேலை செய்யும் பச்சையம்மா முறத்தில் குழந்தையை வாங்கி, மட்காத குப்பை என்று பலகை வைத்த பக்கம் மூன்று தரம் புரட்டி எடுத்து, "எமன் கண்ணுக்குத் தெரியாத பொருளாயிட்டா, இந்தாடி புடி" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

தப்பு அங்கேதான் நடந்தது என்று பிற்பாடு அதே பச்சையம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அந்தக் காலத்துக் குப்பைமேட்டில் என்ன இருந்தது? சாம்பல், சாணி, வைக்கோல், வாழைச்சருகு. எல்லாம் சாகத் தெரிந்த பொருட்கள். சாகத் தெரிந்தவற்றோடுதான் சாவு சமரசம் பேசும். குப்புவைப் புரட்டிய மேட்டில் இருந்தது மினுமினுப்புத் தாள், ஒருமுறை ஊதி எறிந்த பீப்பி, ஒரு வாய் கேக்குக்காகப் பிறந்த பிளாஸ்டிக் கரண்டி, அழைத்த வீட்டிலிருந்து அழைக்கப்பட்ட வீட்டுக்குப் போவதற்குள் சக்கரம் கழன்ற பரிசுக் கார். சாகவே தெரியாத கூட்டம். அதன் நடுவே போட்டுப் புரட்டினால் பிள்ளைக்கு எப்படி ஆயுசு ஒட்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பில் மூன்று வீடுகளில் பிறந்தநாள். மூன்றிலும் சிவப்பு பலூன். திங்கட்கிழமை காலையில் கொட்டகைக்கு ஒன்பது மூட்டைகள் வந்தன, எது எந்த வீட்டுடையது என்று தெரியாமல், சோறும் சாக்லேட் தாளும் பஞ்சுப் பாலாடைபோல் ஒட்டிய கிரீமும் ஒன்றாய்க் குழைந்து. மட்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மட்காத குப்பை நீலத் தொட்டியில் என்று ஒவ்வொரு மாடியிலும் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள்; பட்டதாரிகள் நிறைந்த இடம், படம் மட்டும் யாருக்கும் புரியவில்லை. கொட்டகைப் பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, மூட்டையை அவிழ்த்தவளுக்கே அதிலிருக்கும் பொம்மை. அன்று அஞ்சுகம் அவிழ்த்ததில் ஒரு பலூன் உயிரோடு இருந்தது. அதில் யாரோ அழியாத கறுப்பு மையில் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரைந்திருந்தார்கள். குப்புவுக்கும் அந்த வாரம்தான் இரண்டு முடிகிறது. அஞ்சுகம் அதைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள், நூல் கட்டினாள், கொட்டகைத் தூணோரம் உட்கார்ந்திருந்த மகளிடம் கொடுத்தாள். குப்பு அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்து, "பாப்பா, பாப்பா" என்று இரண்டு கையாலும் இழுத்து அணைத்து, புதிதாய் முளைத்த பற்கள் பதிய முத்தம் கொடுத்தாள்.

அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அஞ்சுகம் கையில் ஒரு மாத்திரை டப்பாவோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்த துண்டு அதில் இருந்தது, கட்டைவிரல் அகலம், சிவப்பு, நடுவில் ஒரு கறுப்புக் கண். அதை மேசைமேல் வைத்தாள்.

"இது யாரு வூட்டு பலூன்னு தெரியணும் சார்."

சங்கச் செயலாளர் வைத்தீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரும்மா, எங்க எல்லாருக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பலூன்ல கதவு நம்பரா எழுதியிருக்கு? அன்னைக்கு மூணு வீட்ல ஃபங்ஷன்."

"மூணுல ஒண்ணுதான சார். அந்த ஒண்ணு எதுன்னுதான் கேக்கறேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "நாங்க வெளிய போட்டதை நீ எடுத்துக் குழந்தைக்குக் குடுத்தா அதுக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பாக முடியும்?" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

"நான்தான் கழுவிக் குடுத்தேன்" என்றாள் அஞ்சுகம். "அது என் பங்கு. அத யாரும் தூக்க வேணாம், நானே சாவுற வரைக்கும் தூக்குறேன். மிச்சப் பங்கு ஒண்ணு கீதே, அது யாருதுன்னு தெரியாம மொத்தத்தையும் நானே தூக்கினு கீறேன் சார். முடியல."

வெளியே போட்டோம் என்கிறார்களே, அந்த வெளி எங்கே இருக்கிறது? வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். கதவுக்கு வெளியே வராந்தா, வராந்தாவுக்கு வெளியே லிஃப்ட், லிஃப்டுக்கு வெளியே கொட்டகை. இவர்களுடைய வெளி முடிகிற இடத்தில்தான் அஞ்சுகத்தின் உள் தொடங்குகிறது. ஆனால் அன்று அதைச் சொல்ல அங்கே யாருமில்லை. மூன்றாவது வரிசையில் ஹேமலதா என்பவள் உட்கார்ந்திருந்தாள், மூன்று வீடுகளில் ஒரு வீட்டுக்காரி. மடியில் ஐந்து வயது மகள் சம்யுக்தா. டப்பாவிலிருந்த கண்ணைப் பார்த்ததும் குழந்தை "அம்மா, அது என்..." என்று தொடங்கினாள். ஹேமலதா அவள் கையை அழுத்தினாள். அழுத்திய இடம் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்கு வந்தது. அஞ்சுகம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. பணியாளர்கள் குழந்தைகளைப் பணியிடத்துக்கு அழைத்துவர அனுமதி இல்லை என்று அதில் எழுதி, கீழே முத்திரை குத்தியிருந்தது. அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதிலாம். அழைத்துவருவதற்கு அவளிடம் குழந்தை ஏது என்று முத்திரை குத்தியவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடிந்தபோது, மூன்று வாரத்துக்கு முன் எறியப்பட்ட பலூன்கள் எல்லாம் அவரவர் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றன. தரையிலும் படவில்லை, கூரைக்கும் போகவில்லை. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், நிற்கப் பழகிய பிள்ளை சுவர் ஓரமாய் நிற்பதைப்போல், நூல் தொங்க நின்றன. முதலில் எழுந்தவர்கள் அவற்றைத் தள்ளிவிட்டு வாசல் தெளித்தார்கள். இரண்டாவதாக எழுந்தவர்கள் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது சுற்றிக்கொண்டு போனார்கள். எறிந்து பார்த்தார்கள், திரும்பி வந்தன. ஊசியால் குத்தினார்கள், ஊசிதான் திரும்பி வந்தது, காற்று வரவில்லை. கணபதி ஹோமம் செய்தார்கள். பலூன்கள் நெருப்புக்கு மிக அருகில் வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, புரோகிதர் தட்சிணை வாங்கும்போது அவரோடு வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தன.

பத்து நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மனிதர்களுக்குப் பழகாதது எது? அதற்குப் பிறகு நடந்த பிறந்தநாட்களின் பலூன்களும் உடையாமல், சுருங்காமல் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஊருக்குள் மண்டபம் எடுத்துக் கொண்டாடியவர்களின் பலூன்கள்கூட மறுநாள் காலை லிஃப்டில் ஏறி வீடு வந்துசேர்ந்தன. வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், பாத்திரம் இவ்வளவு, துணி இவ்வளவு, பலூன் தூசு துடைக்க இவ்வளவு என்று தனியாகப் பேசிக்கொண்டார்கள். வீட்டுத் தரகர்கள், "கிழக்குப் பார்த்த வாசல், ரெண்டு பால்கனி, பதினெட்டே பதினெட்டு பலூன்தான் சார், சாதுவா நிக்கும்" என்று போனில் விளக்கினார்கள். பெண் பார்க்க வந்த வீட்டார் முதலில் கூடத்தில் நின்ற சின்ன உருண்டைகளுக்கு வழிவிட்டு, பிறகுதான் பெண்ணைப் பார்த்தார்கள். நடந்தால் தொடையில் உரசுகிற அளவு பெருகியபோது, பொது வழியில் பலூன் நிறுத்தக் கூடாது என்று சங்கம் அறிவிப்பு ஒட்டியது. அறிவிப்பைப் படிப்பதுபோல் அதன் கீழே இரண்டு பலூன்கள் வந்து நின்றன.

அவை வளர்கின்றன என்று முதலில் கண்டுபிடித்தது ஏ பிளாக்கில் இருந்த குழந்தை மருத்துவர். உயரத்தை அளந்து, மாதாமாதம் குறித்து, தன் மேசையிலிருந்த வளர்ச்சி அட்டையோடு ஒத்துப் பார்த்தார். "பெண் குழந்தை வளர்ற கணக்கு அப்படியே ஒத்து வருது" என்று நடைப்பயிற்சியில் சொன்னார். "ஆனா உயரம் குறைச்சல். கொஞ்சம் ஊட்டம் பத்தாத குழந்தை." அதைக் கேட்ட பெண்களுக்கு மனம் இளகியது. நிஜமாகவே இளகியது, அதில் சந்தேகம் வேண்டாம். பல வீடுகளில் பலூனுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் பால் வைத்தார்கள், சிலர் பாதாம் அரைத்துக் கலந்தும் வைத்தார்கள். பலூனுக்கு வாய் ஏது? மாலையில் ஆடை படிந்த பாலைத் தொட்டியில் கொட்டினார்கள். எந்தக் குழந்தை ஊட்டம் பத்தாமல் இருந்தது, அதன் தாய் எந்தக் கொட்டகையில் நிற்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு டம்ளர் பாலும் பின்மதிலைத் தாண்டவில்லை.

பலூன்கள் வளர்வதை அஞ்சுகம் தன் இடுப்பால் தெரிந்துகொண்டாள். தரைத்தள வீட்டு வாசலில் குப்பை வாங்க நின்றபோது ஒரு பலூன் வந்து அவள் தொடையோரம் நின்றது. அடுத்த மாதம் அது அரை விரல் மேலே வந்தது. கொட்டகைத் தூணில், குப்பு சாய்ந்து உட்காருகிற தூணில், கரியால் ஒரு கோடு போட்டாள். மாதம் ஒரு கோடு. புருஷன் ஏழுமலை லாரியில் வடக்கே போய்வருகிறவன், வரும்போதெல்லாம் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்ப்பான். அஞ்சுகம் அழவில்லை. சுடுகாட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோனபோதும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை.

"அழுதாவது தொலைடி" என்பாள் பச்சையம்மா. "நெஞ்சுல கட்டிக்கினு நீயும் மட்காத குப்பையாப் போவப் போற."

"பதில் வரட்டும்க்கா. வந்தா அழுவுறேன்."

"இவனுங்களா? நீ அழுவறதுக்குள்ள எனக்குக் கருமாதி ஆயிடும்."

"ஆனா ஆவட்டும். உனக்கும் சேத்து அழுவுறேன்."

"தோ பார்றா, இலவசமா குடுக்குறாளாம்" என்று பச்சையம்மா சிரிப்பாள், சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மூன்றாம் வருடம் வீடுகளில் நிற்க இடமில்லாமல் போனது. அப்போதுதான் பவளமல்லிக் குடியிருப்பு பலூன் வாங்குவதை நிறுத்தியது. பலூனோடு பீப்பி, மினுமினுப்பு, பிளாஸ்டிக் கிரீடம், பொட்டலம் போட்ட பரிசுப் பொம்மை எல்லாவற்றையும், இவையும் எழுந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நிறுத்தியது. வெட்கப்பட்டு நிறுத்தவில்லை, இடமில்லாமல் நிறுத்தினார்கள். இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்கள் வேறுமாதிரி குறித்துவைத்துக்கொண்டார்கள். பழைய புடவை கிழித்துத் தோரணம், மந்தாரை இலைத் தட்டில் சுண்டல், பரிசுக்குப் பதில் ஒரு விதைப் பொட்டலம். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். பசுமைக் குடியிருப்பு என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். வைத்தீஸ்வரன் அதை வாங்கிக்கொண்டு, வருங்காலத் தலைமுறையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். குப்பு என்கிற பெயர் அந்தப் பத்து நிமிடத்தில் வரவில்லை. கேடயம் தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக்.

ஹேமலதா வீட்டிலிருந்து அந்த விழாவுக்கு யாரும் வரவில்லை. அந்த வீட்டில் மூன்று வருடமாகப் பிறந்தநாளே கொண்டாடவில்லை. ஐந்தாம் பிறந்தநாளன்று சம்யுக்தா, தன் வயதுக்கு ஒன்று என்று, ஐந்து பலூன்களில் முகம் வரைந்திருந்தாள். திரும்பி வந்தவற்றில் முகமுள்ளவை நான்கு. ஹேமலதா அந்த நான்கையும் உள்ளறையில் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் குழந்தை வளர்ந்தாள், அந்தப் பக்கம் அவை வளர்ந்தன. "அம்மா, அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லிடலாமா?" என்று சம்யுக்தா கேட்டபோதெல்லாம், "உன் நல்லதுக்குத்தான்டி பேசாம இருக்கேன், போலீஸ் கேஸ்னு இழுத்துட்டா?" என்றாள் ஹேமலதா. அவளும் தூங்கவில்லைதான். தூங்காமலிருப்பது பதிலாகுமா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. குப்பு இருந்திருந்தால் அவளுக்கு ஐந்து முடிந்திருக்கும், அந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. அன்று காலை எட்டேகால் மணிக்கு, நான்கு பிளாக்குகளின் படிக்கட்டிலும் பலூன்கள் இறங்கி வந்தன. ஒன்றையொன்று இடிக்காமல், ஒரு படிக்கு ஒன்றாக, நூலைச் சட்டைநுனிபோல் ஒதுக்கிக்கொண்டு வந்து, வாசலில் பள்ளி வேன் நிற்கிற இடத்தில் வரிசையாய் நின்றன. சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம் ஒரே உயரம், மூன்றே கால் அடி. வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் திறந்தார். ஆபீசுக்குக் கிளம்பியவர்கள், "இன்னைக்குன்னு பார்த்து நேரமாச்சு" என்று முணுமுணுத்தபடி வண்டியை நிறுத்தினார்கள். வேன் வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். பலூன்கள் ஏறவில்லை. யாரும் பெயர் கூப்பிடாததால் நின்றுகொண்டே இருந்தன.

வரிசையின் முன்னால் அந்த நான்கும் நின்றன. பூட்டு எப்படித் திறந்தது என்று ஹேமலதா சங்கிலியைத் தடவிப் பார்த்தாள். சாவி அங்கேயே இருந்தது. நான்கு முகங்களும் அதே சிரிப்போடு, முதல் மூன்றும் நெருங்கி, பிறகு ஒருவர் நிற்கிற அளவு இடம் விட்டு, நான்காவது. அந்த இடைவெளியை எல்லோரும் பார்த்தார்கள். குழந்தை மருத்துவர் பார்த்தார், அன்று பின்வரிசையில் பேசியவர் பார்த்தார், வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். கூட்டத்தில் மேசைமேல் கிடந்த கறுப்புக் கண் எந்த முகத்துடையது என்று அந்த நிமிடத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பார்த்துவிட்டு எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

கொட்டகையிலிருந்து அஞ்சுகம் வந்தாள். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். வரிசை ஓரமாக நடந்து, ஒவ்வொரு பலூனின் தலையிலும் உள்ளங்கையை வைத்தபடி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற தாய் எண்ணெய் வைத்த தலையைப் படிய விடுவதுபோல் வந்தாள். நான்கு முகங்களுக்கு முன் நின்றாள். வெற்றிடத்தில் கை வைத்தாள், அங்கே உயரம் இருந்தது, தலை இல்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து, துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முந்தானை நுனியை இன்னொரு கையில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷம் முன்னாடி கேட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. "திரும்பக் கேக்கறேன். இது யாரு வூட்டு பலூன்?"

வேன் டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஹேமலதாவின் கை மகளின் கையைத் தேடியது. அழுத்துவதற்கு அங்கே கை இல்லை. சீருடையும் புது ஷூவுமாய் வேனிலிருந்து இறங்கிய எட்டு வயது சம்யுக்தா, வரிசையின் வெற்றிடத்தில் போய் நின்று, அஞ்சுகத்தின் உள்ளங்கையிலிருந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தாள். பிறகு அஞ்சுகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுது ஆன்ட்டி. நான் அஞ்சு மூஞ்சி வரைஞ்சேன். நாலுதான் திரும்பி வந்துச்சு."